லயத்தில் எழுதப்படாதிருந்த ஏற்பாடு: பெற்றோர் பிரிந்தபின் பிள்ளை யாரிடம், எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் கணவனும் மனைவியும் பிரியும்போது, பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பது பெரும்பாலும் சட்டத்தால் முடிவாவதில்லை. யார் முதலில் வீட்டைவிட்டு வெளியேறினார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பிள்ளை போனது என்பதிலேயே அது முடிந்துவிடுகிறது. மனைவி தாய்வீட்டுக்குப் போகிறார். கைக்குழந்தை அவருடன் போகிறது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மூத்த பிள்ளை, படிப்பு கெடக்கூடாது என்பதற்காக, அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் நிற்கிறது. இரு வீட்டுப் பெரியவர்களும் கோவில் தலைவரும் கூடிப் பேசி, "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மாதம் இவ்வளவு வெள்ளி கொடுக்கட்டும்" என்று முடிவு சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட முடிவுதான். ஆனால் அது முறியும் நாளில் அதைக் காட்டி எந்த அலுவலகத்திலும் உதவி கேட்க முடியாது என்பதைப் பலர் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதோ காவல் நிலையத்தில் புகார் எழுதும்போதோதான் அறிகிறார்கள்.

வாய்ச்சொல்லான இந்த ஏற்பாடு ஒரு காலத்தில் ஓரளவு வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த தலைமுறையில், பிரிந்த கணவனும் மனைவியும் இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தார்கள். பெரியவர்கள் இருட்டோடு பால்மரம் வெட்டப் போனால், பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் ஒரே ஆயா பார்த்துக்கொண்டார். மாலையில் பிள்ளை அப்பா வீட்டில் தேநீர் குடித்துவிட்டு அம்மா வீட்டில் தூங்கியது. பார்க்கும் உரிமை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நடந்துபோகும் தூரமே அந்த உரிமையைக் காப்பாற்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்ட இன்று, அம்மா சுங்கை சிப்புட்டிலும் அப்பா பினாங்குத் தொழிற்சாலையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அன்று தூரம் குறைவாக இருந்ததால் தானாக நடந்தது, இன்று நாளும் மணியும் குறித்து எழுதப்பட்டால்தான் நடக்கிறது.

இங்கே விளக்கப்படுவது முஸ்லிம் அல்லாதவர்களுக்குரிய சட்டம். முஸ்லிம் குடும்பங்களின் வழக்குகள், தமிழ் முஸ்லிம்கள் உட்பட, ஷரியா நீதிமன்றங்களில் தனிச் சட்டத்தின்படி விசாரிக்கப்படுகின்றன. அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

முதலில், எந்த உத்தரவும் இல்லாத நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1961-ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம் முன்பு தந்தையையே பிள்ளையின் பாதுகாவலராகக் கருதியது. 1999-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பிள்ளையை வளர்ப்பதிலும் அதன் சொத்தைக் கவனிப்பதிலும் தாய்க்கும் தந்தைக்கும் சமமான உரிமையும் அதிகாரமும் தரப்பட்டன. தாய்மார்கள் நீண்ட காலம் காத்திருந்து பெற்ற நியாயம் இது. ஆனால் பிரிந்து வாழும் குடும்பத்தில் இந்தச் சமத்துவத்துக்கு ஒரு விளைவும் உண்டு. இருவருக்கும் ஒரே அளவு உரிமை இருக்கும்போது, அப்பா பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துப் போய்த் திருப்பி அனுப்ப மறுத்தால், அது "குடும்ப விவகாரம்" என்ற பதிலோடு நின்றுவிடுகிறது. அம்மா அதையே செய்தாலும் பதில் அதுதான். தலைமையாசிரியர் எந்தப் பக்கமும் சாய முடியாது. அவர் கேட்கக்கூடியது நீதிமன்ற உத்தரவு ஒன்றைத்தான். நீண்ட காலம் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய எனக்கு, தன் பெயரைச் சொல்லி வாசலில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்து வகுப்பைவிட்டு வெளியே வரத் தயங்கும் பிள்ளையின் முகம் நன்றாகத் தெரியும். விவாகரத்து வரை போக விரும்பாத பெற்றோரும், பிரிந்து வாழ்கிறோம் என்ற அளவிலேயே, இந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிள்ளைக்கான உத்தரவைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விவாகரத்தோடு வரும் வழக்குகளை ஆள்வது 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அது 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 88-ஆவது பிரிவு நீதிபதியின் முன் வைக்கும் கேள்வி, கணவனும் மனைவியும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லும் குற்றச்சாட்டுகளிலிருந்து வேறானது. பிள்ளையின் நலனே தலையாய அளவுகோல். அதற்கு உட்பட்டே பெற்றோரின் விருப்பமும், சுயமாகக் கருத்துச் சொல்லும் வயதை அடைந்த பிள்ளையின் விருப்பமும் கருத்தில் கொள்ளப்படும். யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்பது, பிள்ளையின் அன்றாட வாழ்க்கையைத் தொடாத வரையில், இந்தக் கேள்விக்குப் பதிலாவதில்லை. வழக்கறிஞரிடம் முதல் நாள் வருகிறவர்கள் கணவரின் கைப்பேசிச் செய்திகளைக் கட்டுக்கட்டாக அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். அவற்றைவிடப் பயனுள்ளவை வேறு: காலையில் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டுகிறவர் யார், காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் யார், ஆசிரியர் அழைத்தால் பள்ளிக்கு வருகிறவர் யார் என்பதைக் காட்டும் சான்றுகள்.

ஏழு வயது பற்றிய பேச்சு நம்மிடையே அதிகம் புழங்குகிறது, தவறாகவும் புழங்குகிறது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே அதற்கு நல்லது என்ற ஓர் அனுமானத்தோடு சட்டம் தொடங்குகிறது. இது மறுக்கக்கூடிய அனுமானம். தாயிடம் இருப்பது பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று தந்தை நிறுவினால் நீதிமன்றம் வேறு விதமாகவும் முடிவெடுக்கும். அதே பிரிவு, பிள்ளையின் வாழ்க்கையைக் கைமாற்றிக் கைமாற்றிக் குலைப்பது விரும்பத்தக்கதல்ல என்பதையும் மனத்தில் கொள்ளச் சொல்கிறது. "ஏழு வயது வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும், அப்புறம் எனக்கு" என்று சொல்லும் அப்பாக்களும், அதற்கு அஞ்சி ஒவ்வொரு பிறந்தநாளையும் பயத்தோடு எண்ணும் அம்மாக்களும் இந்த இரண்டாவது பாதியைக் கவனிப்பதில்லை. ஏழு நிறைந்த நாளில் அந்த அனுமானம் மட்டுமே விலகுகிறது. பிள்ளை தானாகத் தந்தைக்குப் போய்விடுவதில்லை. நான்கு ஆண்டுகள் ஓரிடத்தில் நிலையாக வளர்ந்த பிள்ளையை அங்கிருந்து பெயர்க்க வேண்டும் என்பவர்தான் அதற்கான காரணத்தைக் காட்ட வேண்டியிருக்கும். இதனால்தான், பிரிவின் முதல் வாரங்களில் யோசிக்காமல் செய்துகொண்ட ஏற்பாடு பின்னர் எவ்வளவோ கனமாகிவிடுகிறது. தற்காலிகம் என்று நினைத்து மூத்தவனைப் பாட்டி வீட்டில் விட்டுவந்த தாய், ஓராண்டு கழித்துக் கேட்கும்போது, அவன் அங்கே வேரூன்றிவிட்டான் என்ற வாதத்தை எதிர்கொள்கிறார். இடைக்கால உத்தரவை உடனே கேட்டுப் பெறலாம். அதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து.

உடன்பிறந்தவர்களைப் பிரிக்கவே கூடாது என்ற விதியும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியாகப் பார்க்கச் சட்டம் சொல்கிறது. ஆனாலும், ஒன்றாக வளர்ந்த அக்காவையும் தம்பியையும் பிரிப்பதால் வரும் இழப்பும் அந்த நலனுக்குள்ளேயே அடங்கும்.

இனிப் பாட்டிக்கு வருவோம்; ஏனென்றால் நம் ஊர்களில் பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் பல வீடுகளில் அவர்தான். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, பால் கலக்கிக் கொடுத்ததிலிருந்து பள்ளி வேனில் ஏற்றிவிடுவது வரை செய்தவர் அவர். பிரிவு வந்ததும் சட்டத்தின் பார்வையில் அவர் பின்வரிசைக்குப் போய்விடுகிறார். பிள்ளை பொதுவாகத் தாயிடமோ தந்தையிடமோதான் ஒப்படைக்கப்படும். இருவரிடமும் ஒப்படைப்பது விரும்பத்தகாததாகும் விதிவிலக்கான சூழலில் மட்டுமே வேறு உறவினரிடமோ, குழந்தை நலனை நோக்கமாகக் கொண்ட அமைப்பிடமோ, தகுந்த வேறொருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்பா சிறையில், அம்மா போனவர் போனவரே என்ற நிலையில் பேரனை வைத்திருக்கும் பாட்டி இதன்கீழ் முறையான உத்தரவைக் கேட்கலாம். பள்ளிப் பதிவிலும் மருத்துவமனையிலும் அவர் படும் அலைச்சல் அதனால் குறையும்.

ஆனால் பெரும்பாலான பாட்டிகளுக்குத் தேவைப்படுவது அதுவல்ல. மருமகள் பேரப்பிள்ளைகளோடு போய்விட்டார், இனி அவர்களைப் பார்க்கவே முடியாதா என்பதுதான் அவர்களின் கேள்வி. 89-ஆவது பிரிவு இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. பராமரிப்பு உரிமை கிடைக்காத பெற்றோருக்கு மட்டுமல்லாமல், அவருடைய குடும்பத்தினருக்கும், இறந்துபோன பெற்றோரின் குடும்பத்தினருக்கும்கூட, பிள்ளையைச் சந்திக்கும் உரிமையை உத்தரவில் சேர்க்கலாம். மனுவில் இதைக் கேட்டு எழுதச் சொல்வோர் குறைவு. தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு சுட்டுவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நினைத்துத்தான் இந்தப் பிரிவை இவ்வளவு விரிவாக இங்கே சொல்கிறேன்.

"கஸ்டடி" என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது நீதிமன்றத்தில் இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பள்ளி, எந்த அறுவை சிகிச்சை, எந்தச் சமயநெறி என்பது போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் பராமரிப்பு உரிமை ஒன்று. பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது, யார் சோறு போடுகிறார் என்ற அன்றாடப் பராமரிப்பும் கட்டுப்பாடும் மற்றொன்று. பராமரிப்பு உரிமை இருவருக்கும் கூட்டாகவும், அன்றாடப் பராமரிப்பு ஒருவருக்கும் என்று உத்தரவு அமையலாம். பள்ளி மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால்கூட எதிரெதிரே உட்கார முடியாத இருவருக்குக் கூட்டு உரிமை பொருந்தாது. ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு சண்டையாகும். பேசிக்கொள்ள முடிகிறவர்களுக்கு அது பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு.

பார்க்கும் உரிமையில்தான் எழுத்தின் நுணுக்கம் அதிகம் தேவைப்படுகிறது. பல உத்தரவுகளில் "நியாயமான சந்திப்பு உரிமை" என்ற பொதுச்சொல்லே இருக்கிறது. நல்லுறவில் உள்ளவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்கு எது நியாயம் என்பதே அடுத்த வழக்காகிறது. சிங்கப்பூரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்யும் தந்தை ஒருவரை எடுத்துக்கொள்வோம். "ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை" என்ற உத்தரவு காகிதத்தில் தாராளமாகத் தெரிந்தாலும் அவரால் அதை ஒரு மாதம்கூட நிறைவேற்ற முடியாது. மூன்றாவது வாரத்திலிருந்து பிள்ளை ஆடை மாற்றிக்கொண்டு காத்திருந்து ஏமாறத் தொடங்கும். அவருக்கு ஏற்றது மாதம் ஒரு முறை, சனிக்கிழமை விடுப்பு எடுத்து, வெள்ளி இரவு பேருந்தில் வந்து ஞாயிறு மாலை வரை, இரவு தங்கலுடன் கூடிய சந்திப்பு. இடையில் வாரம் இரண்டு நாள் குறித்த நேரத்தில் காணொளி அழைப்பு. பள்ளி விடுமுறையில் பாதி. இரண்டு ஷிப்டுகளில் மாறி மாறி வேலை செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் கிழமையைக் குறிப்பதைவிட, ஷிப்டு அட்டவணை வந்ததும் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று எழுதுவது பொருந்தும். தீபாவளி, பொங்கல், தைப்பூசம், பிள்ளையின் பிறந்தநாள் ஆகியவற்றை ஆண்டு மாற்றி ஆண்டு பிரித்துக்கொள்ளலாம். பிள்ளையை எங்கே ஒப்படைப்பது என்பதையும் எழுத வேண்டும். வீட்டு வாசலில் மோதல் வரும் என்றால் கோவில் மண்டபமோ, இருவரும் மதிக்கும் உறவினர் வீடோ பொருத்தமான இடமாகும்.

பணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் நம்மிடையே ஒன்றுக்கொன்று பதிலடியாக நடக்கின்றன. இரண்டும் தனித்தனிக் கடமைகள். ஒன்று மீறப்பட்டது மற்றொன்றை மீற உரிமை தராது. உத்தரவை வேண்டுமென்றே மீறுகிறவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, பிள்ளையைப் பராமரிப்பது பெற்றோர் இருவரின் கடமை. பிள்ளை யாரிடம் இருந்தாலும் அது மாறாது. தொகைக்கு நிலையான விகிதம் கிடையாது. வருமானமும் தேவையும் பார்க்கப்படும். ஆகவே பள்ளி வேன், டியூஷன், பால்மாவு, மருந்து என்று மாதச் செலவைப் பற்றுச்சீட்டுகளுடன் எழுதிக் காட்டுகிறவரின் கோரிக்கை வலுப்பெறும். விவாகரத்து இல்லாமலேயே 1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், குழந்தைகள் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். உத்தரவு பெற்றும் பணம் வராவிட்டால், 1968-ஆம் ஆண்டின் அமலாக்கச் சட்டம், முதலாளியே சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்ட வழி செய்கிறது. சம்பளச் சீட்டோடு வேலை செய்கிறவரிடம் இது பலிக்கும். குத்தகைக்காரரிடம் அன்றாடக் கூலிக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவரிடம் பலிப்பது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பதினெட்டு வயதோடு தந்தையின் பொறுப்பு முடிகிறது என்ற கருத்து இப்போது முழு உண்மையல்ல. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2004-இல் அவ்வாறே தீர்ப்பளித்திருந்தது. பல்கலைக்கழகக் கல்விக்கு அதற்குமேல் கேட்க முடியவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2017-இல் இயற்றப்பட்டு 2018 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், மேற்கல்வியோ பயிற்சியோ முடியும் வரை உத்தரவு நீளலாம். படிப்பையே ஏணியாக நம்பும் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் அண்மையில் வரவில்லை என்பேன்.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது திருமணப் பதிவு. கோவிலில் தாலி கட்டி, ஊரையே கூட்டி விருந்து வைத்து, பதிவை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட தம்பதிகள் இன்றும் இருக்கிறார்கள். 1982 மார்ச்சுக்கு முன் நடந்த சடங்குத் திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்தவை சட்டம் கூறும் முறைப்படி நடந்து பதிவாகியிருக்க வேண்டும். கோவில்களிலேயே அதற்கென நியமிக்கப்பட்ட உதவிப் பதிவாளர்கள் பலர் இருக்கிறார்கள். பதிவில்லாத உறவு முறியும்போது விவாகரத்து என்ற வழியே திறக்காமல் போகலாம். பிள்ளை மணவுறவுக்கு வெளியே பிறந்ததாகக் கருதப்படும் நிலையும் வரலாம். அந்த நிலையில் பிள்ளையின் மீது முதன்மை உரிமை தாய்க்கே. தன் பிள்ளையாகவே வளர்த்த தந்தைக்குத் தானாகக் கிடைக்கும் உரிமை ஏதுமில்லை. இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் ஏறியிருக்கும். அத்தகைய தந்தையும் ஜீவனாம்சம் கட்டக் கடமைப்பட்டவரே. திருமணம் செல்லும் என்று பெற்றோரில் ஒருவராவது நியாயமாக நம்பியிருந்தால் பிள்ளையை முறையான பிள்ளையாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த நம்பிக்கையை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருக்கும். சேர்ந்து வாழ்பவர்கள் இன்றே பதிவு செய்துவிடுவது இதைவிட எளிது. 1961-ஆம் ஆண்டின் முறைமைச் சட்டத்தின்படி, பெற்றோர் பின்னர் சட்டப்படி மணந்துகொண்டால் முன்பு பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையாக முடியும்.

விவாகரத்துக்கான வழிகள் இரண்டு. இருவரும் மனமொத்துக் கூட்டு மனு போட்டால், தேசியப் பதிவுத் துறையின் திருமண நடுவத்துக்குப் போகத் தேவையில்லை. ஒருவர் மட்டும் மனு செய்கிறார் என்றால், மற்றவர் காணாமல் போனது போன்ற சில விலக்குகள் தவிர, முதலில் அந்த நடுவத்துக்குப் போய் இணக்க முயற்சி தோற்றதற்கான சான்றைப் பெற வேண்டும். அதன் பின்னரே உயர் நீதிமன்றம். சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் ஈப்போவில். கூட்டு மனுவிலும் பிள்ளைகளுக்குத் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதை நீதிபதி பார்ப்பார். பெரியவர்கள் பேசி முடித்த நல்ல ஏற்பாடு ஏதேனும் இருந்தால், அதை இந்த மனுவில் விரிவாக எழுதி நீதிமன்ற உத்தரவாக்கிக்கொள்வதே அதைக் காப்பாற்றும் வழி. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் அரசின் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம்.

வன்முறை நடந்த வீட்டில் மேற்சொன்ன இணக்கப் பேச்சு எதுவும் முதலில் வரக்கூடாது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், சமூக நலத் துறையின் வழியாக ஏழு நாள் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு உத்தரவை உடனே பெறலாம். அடித்த தந்தைக்கும் பிள்ளையைப் பார்க்கும் ஆசை இருக்கலாம். அந்தச் சந்திப்பு மூன்றாமவரின் கண்காணிப்பில் நடக்க உத்தரவிடலாம்.

மதமாற்றம் கலந்த வழக்குகளில் நம் மாநிலத்துக்கு ஒரு துயரமான இடம் உண்டு. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளையும் அவர் கணவர் 2009-இல் அவருக்குத் தெரியாமல் இஸ்லாத்துக்கு மதம் மாற்றி, பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிச் சென்றார். ஈப்போ உயர் நீதிமன்றம் 2010-இல் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்தது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம், சிறுவரின் மதமாற்றத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உத்தரவு கையில் இருந்தும் அந்தத் தாய் பத்தாண்டுக்கும் மேலாகத் தம் கடைசி மகளைத் தேடிக்கொண்டிருந்தார். பிள்ளை மறைக்கப்படும் அச்சம் உள்ளவர்கள், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை கேட்பது உட்படத் தற்காப்பு உத்தரவுகளைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த வழக்கே காரணம்.

உத்தரவு என்பது ஒருமுறை எழுதி முடித்துவிடும் பட்டயமும் அல்ல. சூழல் மாறினால் மாற்றக் கேட்கலாம் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 96-ஆவது பிரிவு சொல்கிறது. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை முடித்து, இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்கோ படிவம் ஒன்றுக்கோ போகும் பிள்ளைக்கு, ஆறு வயதில் எழுதப்பட்ட அட்டவணை பொருந்தாது. சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கை இருக்கும், நண்பர்கள் இருப்பார்கள், அப்பாவோடு ஒரு முழு விடுமுறையைக் கழிக்கும் ஆசையோ தயக்கமோ இருக்கும். அந்த வயதில் பிள்ளையின் விருப்பத்துக்கு நீதிமன்றமும் கூடுதல் கனம் தரும். நீதிபதி தம் அறைக்கு அழைத்து, பெற்றோர் இல்லாமல், பேசிப் பார்ப்பதும் உண்டு. அங்கே போகும் முன் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துவிட்டு, எதைச் சொன்னால் யாருக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டபடி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.